தஞ்சாவூர் யாருடைய ஊர்?

வெண்ணாற்றங்கரை:

எங்கள் பகுதிப் பள்ளியில் வட்டார வரலாற்றுக் கண்காட்சி ஒன்று வைக்கிறார்கள். எழுதிக் கொடுக்கிற வேலை என்னிடம் வந்திருக்கிறது. நேற்றுக் கூட்டத்தில் ஒருவர், "சோழரோடு நிறுத்திக்கொள்வோம். அதற்கப்புறம் வந்தவங்க எல்லாம் ஆண்டுட்டுப் போனவங்கதானே" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, அதனால்தான் இந்த இழை.

பெரிய கோயிலையே எடுத்துக்கொள்வோம். 1010ல் ராஜராஜன் கட்டி முடித்த கோயில், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் நின்று படம் எடுக்கிற அந்தப் பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. பெரியநாயகி அம்மன் சன்னதி பாண்டியர் காலம். கல்லிலேயே நகை செய்தது போல இருக்கும் முருகன் சன்னதி நாயக்கர் பணி. பிள்ளையார் சன்னதியைப் புதுப்பித்தது மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. திருச்சுற்றின் சுவரில் அந்த மராட்டிய மன்னர்களின் போன்சலே வம்சத்து வரலாறு முழுக்க மராத்தியில் வெட்டப்பட்டிருக்கிறது, 1803ல். பார்க்காமல் கடந்து போகிறவர்கள்தான் அதிகம்.

கருவறையைச் சுற்றிய நடையில் நாயக்கர் கால ஓவியம் இருந்தது. 1931ல் எஸ்.கே. கோவிந்தசாமி என்ற ஆய்வாளர் அந்தப் பூச்சுக்கு அடியில் இருந்த சோழர் ஓவியத்தைக் கண்டுபிடித்தார். பிற்பாடு தொல்லியல் துறை, மேலே இருந்த நாயக்கர் ஓவியத்தைச் சிதைக்காமல் தனியே பெயர்த்தெடுத்துக் காப்பாற்றியது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கட்சி. உங்கள் ஊர், உங்கள் தெரு, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

பெருவுடையான்:

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். கட்டியவன் வேறு, கட்டிய வீட்டில் ஒரு அறை சேர்த்தவன் வேறு. ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த பொன்னையும், விளக்குக்கு விட்ட ஆடுகளையும் வரி வரியாகத் தமிழில் வெட்டி வைத்தான். நாயக்கர் சபையில் தெலுங்கும் சமஸ்கிருதமும், மராட்டியர் சபையில் அவற்றோடு மராத்தியும் சேர்ந்து கோலோச்சின. தமிழ்ப் புலவன் வாசலில் நின்றான். இதையும் சேர்த்துத்தான் கண்காட்சியில் எழுதுவீர்களா? இல்லை, எல்லாரும் வந்தார்கள், எல்லாரும் நல்லவர்கள் என்று முடித்துவிடுவீர்களா?

பிள்ளைகளிடம் முதலில் சொல்ல வேண்டியது இது தமிழன் கட்டிய ஊர் என்பதைத்தான். மற்றதெல்லாம் பிறகு.

வெண்ணாற்றங்கரை:

நியாயமான கேள்வி, தம்பி. மொழி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், தட்டிக் கழிக்க மாட்டேன். முதலில் சோழர் தஞ்சாவூரையே பார்ப்போம்.

நீங்கள் சொன்ன அதே கல்வெட்டுகளில் ஒன்று தளிச்சேரிக் கல்வெட்டு. சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து 400 ஆடல் மகளிரை ராஜராஜன் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருத்தி பேரும் அதில் இருக்கிறது. நக்கன் இன்னார், இன்ன ஊர்த் தளியிலிருந்து, அதாவது கோயிலிலிருந்து, வந்தவள், இன்ன தெருவில் இன்ன சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்று. திருவாரூர், நாகப்பட்டினம், திருவையாறு, பழையாறை என்று ஊர்ப் பேர்கள் வரிசையாக வரும். ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல். அவர்களோடு நட்டுவம் செய்கிறவர், மத்தளம் கொட்டுகிறவர், கணக்கர், தையற்காரர், வண்ணார், நாவிதர் எல்லாரும் வருகிறார்கள். தமிழ் பாடுகிறவர்களுக்குப் பங்கு இருக்கிறது. ஆரியம், அதாவது சமஸ்கிருதம், பாடுகிறவர்களுக்கும் இருக்கிறது. சோழர் காலத்திலேயே அது வெளியூர் ஆட்களைக் கூட்டிச் சேர்த்து உண்டாக்கிய ஊர்தான்.

அடுத்தது நாகப்பட்டினம். கடல் கடந்து ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன் அங்கே சூடாமணி விகாரம் என்று ஒரு புத்தப் பள்ளி எழுப்புகிறான். சிவபக்தனான ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்கிற ஊரையே இறையிலியாக, வரி இல்லாத கொடையாக, விடுகிறான். ஆனைமங்கலச் செப்பேடுகள் என்று நாம் சொல்வது அதைத்தான். லைடன் பல்கலைக்கழகம் வரைக்கும் போன 21 ஏடுகள் அவை. அந்தப் பகுதியில் 1856 முதல் தோண்டத் தோண்ட 300க்கும் மேலான புத்தர் படிமங்கள் கிடைத்தன. விகாரத்தின் செங்கல் கோபுரம் ஒன்று 1867 வரைக்கும் நின்றது, பிறகு இடித்துவிட்டார்கள். இன்றைக்கும் டெல்டா ஊர்களில் வயல் வரப்போரமாகப் புத்தர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். தஞ்சாவூர் கரந்தையிலும் மன்னார்குடியிலும் சமணக் கோயில்கள் இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன.

தமிழன் கட்டிய ஊர் என்று எழுதுங்கள், நானும் எழுதுகிறேன். ஆனால் அந்தத் தமிழன் யாரையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு கட்டினான் என்பதும் அவனுக்குப் பெருமைதானே.

தெற்குவீதி:

நான் தஞ்சாவூர் மராத்திக் குடும்பம். "ஆண்டுட்டுப் போனவங்க" என்று படித்ததும் கொஞ்சம் வலித்தது. நாங்கள் எங்கே போனோம்? முதல் மராட்டிய மன்னர் ஏகோஜி வந்தது 1676ல். ராஜ்யம் 1855ல் வாரிசு இல்லை என்று கம்பெனிக்குப் போய்விட்டது. நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். வீட்டில் பேசுவது மராத்தி, ஆனால் புனேயிலிருந்து வருகிறவருக்கு அது பாதிதான் புரியும். ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் கோபத்துக்கும் தமிழ்தான் எங்களுக்கு.

கல்யாணப் பந்தியில் தஞ்சாவூர்ச் சமையல் என்று பேர் வாங்கிய ரசவாங்கி, பிட்லை, கோசுமல்லி எல்லாம் எங்கள் அடுக்களை வழியாக ஊருக்குப் போனவை. கத்தரிக்காயும் கடலைப்பருப்பும் கெட்டியாக வெந்து, மேலே தேங்காய் வறுத்து அரைத்து விட்ட ரசவாங்கி இல்லாமல் எங்கள் பக்கத்தில் விசேஷம் முடியாது. இன்று அதை எல்லா வீட்டிலும் செய்கிறார்கள்.

ஆனால் எனக்குப் பெருமையாக இருப்பது சத்திரங்கள். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது, 1802ல் சரபோஜி கட்டியது. சேதுவுக்குப் போகிற சாலையில் அது ஒன்றுதான் என்றில்லை, வரிசையாகப் பல உண்டு. 1801ல் அவர் பிரிட்டிஷ் ரெசிடென்டுக்கு எழுதிய கடிதத்தில் சத்திரம் எப்படி நடக்கிறது என்று விளக்குகிறார். எந்தச் சாதியாக இருந்தாலும் சோறு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமானும். நடுராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வாருங்கள் என்று கூப்பிடுவார்கள். நோயாளிகளுக்கு வைத்தியர், பிள்ளைகளுக்குப் படிப்பு. உங்கள் கண்காட்சியில் அந்த மணிக்கு ஒரு இடம் கொடுங்கள் ஐயா.

அப்புறம், பெரிய கோயில் உட்பட 88 கோயில்களுக்கு இன்றும் பரம்பரை அறங்காவலர் அரண்மனைக் குடும்பத்து மூத்தவர்தான். போனவர்கள் கையில் அந்தப் பொறுப்பு இருக்குமா?

களத்துமேடு:

ராஜாக்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 400 பேருக்கு ஆளுக்கு 100 கலம் நெல் கொடுத்தான், சரி. அந்த நெல்லை விளைவித்தவர் யார்? நடுராத்திரியில் மணி அடித்துச் சோறு போட்டார்கள், சரி. அந்த அரிசிக்கு நாற்று நட்டது யார்?

தஞ்சாவூர் ஜில்லாவை நெற்களஞ்சியம் ஆக்கியது பள்ளர், பறையர் குடிகள். வாய்க்கால் தூர் வாரினோம், வரப்பு வெட்டினோம், சேற்றில் நின்றோம். சோழன் போய் நாயக்கன் வந்தான், நாயக்கன் போய் மராட்டியன் வந்தான், வெள்ளைக்காரன் வந்தான். சேரி இருந்த இடத்திலேயே இருந்தது. பண்ணையாள் என்றால் அப்பனுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன். தப்பு செய்தான் என்று சவுக்கால் அடிப்பதும் சாணிப்பால் கரைத்து வாயில் ஊற்றுவதும் 1940கள் வரைக்கும் நடந்தது. யார் நம்மவர், யார் வெளியார் என்று எங்களிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

ஒரு பேரைச் சொல்கிறேன், கண்காட்சியில் கட்டாயம் போடுங்கள்: பி. சீனிவாச ராவ். தென் கன்னடத்தில் பிறந்தவர். தாய்மொழி தமிழ் இல்லை. 1940களில் கீழத்தஞ்சைக்கு வந்தார், சேரிகளில் தங்கினார், எங்களோடு சாப்பிட்டார், எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டு எங்கள் பேச்சிலேயே கூட்டத்தில் பேசினார். "அடித்தால் திருப்பி அடி" என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தான் என்று எங்கள் தாத்தா தலைமுறை சொல்லும். 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அந்த இயக்கம் இருக்கிறது. 1961ல் அவர் இறந்தார். திருத்துறைப்பூண்டியில் நினைவிடம் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை உயிரோடு கொளுத்தியவர்களில் கன்னடக்காரரோ மராத்திக்காரரோ கிடையாது.

மட்டுறுத்துநர்:

இழை நன்றாகப் போகிறது. இதற்கிடையே வந்த இரண்டு பதிவுகளில் "வந்தேறி" என்ற வசை இருந்ததால் நீக்கியிருக்கிறேன். கருத்து வேறுபாட்டுக்கு இங்கே தடை இல்லை, யாரையும் வெளியே போ என்று சொல்வதற்குத்தான் தடை.

தறிச்சத்தம்:

களத்துமேடு அண்ணன் சொன்னதற்கு மேல் பேசத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் எங்கள் ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

நாங்கள் பட்டுநூல்காரர்கள், சௌராஷ்டிரர்கள். மதுரையை எல்லாருக்கும் தெரியும். கும்பகோணம், அய்யம்பேட்டை, திருபுவனம் பக்கமும் நாங்கள் நிறைய. திருபுவனம் பட்டு என்று கல்யாணத்துக்குத் தேடி வாங்குகிறார்களே, அந்தத் தறிகளில் எங்கள் ஆட்கள் பலர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அய்யம்பேட்டையில் பிறந்தவர் வேங்கடரமண பாகவதர். பிற்காலத்தில் வாலாஜாபேட்டைக்குப் போனதால் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் என்று பேர். தியாகராஜரின் சீடர். குரு பாடப் பாட எழுதி வைத்தவர். அவரும் அவர் குடும்பத்தாரும் எழுதிய சுவடிகள்தான் தியாகராஜர் கீர்த்தனைகள் நமக்கு வந்து சேர்ந்த முக்கியமான வழிகளில் ஒன்று. இன்று அவை மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. மராட்டிய ராஜா ஆட்சியில், தமிழ் பேசும் திருவையாற்றில், ஒருவர் தெலுங்கில் பாடுகிறார். சௌராஷ்டிரம் பேசும் ஒருவர் எழுதி வைக்கிறார்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். தியாகராஜர் 1847ல் காலமான பின் அவருடைய சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதை மீட்டு, சொந்தப் பணத்தில் கோயில் எழுப்பி 1925ல் குடமுழுக்கு செய்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். கர்நாடகத்தில் நஞ்சன்கூட்டில் பிறந்தவர், தேவதாசி மரபு. ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்று இருந்த காலத்தில் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட வைத்தவர். இன்று தை மாதத்தில் டிவியில் பஞ்சரத்னம் பார்க்கிறோம், ஆயிரம் பேர் சேர்ந்து பாடுகிறார்கள். அந்த இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர் அந்த அம்மாள்.

பெருவுடையான்:

அய்யம்பேட்டை நண்பரே, நீங்கள் சொன்னதிலேயே என் கேள்வி இருக்கிறது. தமிழ் பேசும் திருவையாற்றில் ஏன் தெலுங்கில் பாட வேண்டி வந்தது? அதே காவிரிக்கரையில் சீர்காழியில் முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளையும் தமிழில் கீர்த்தனை செய்தார்கள். அவர்கள் பேரைத் தமிழ்நாட்டுக்காரனே மறந்தான். 1943ல் தமிழிசைச் சங்கம் வைத்துப் போராடித்தான் மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்க வேண்டியிருந்தது. நாயக்கரும் மராட்டியரும் கலையை வளர்த்தார்கள் என்று எழுதும்போது இந்தக் கணக்கையும் எழுத வேண்டும். நான் யாரையும் போகச் சொல்லவில்லை. இழந்ததைச் சொல்லாமல் விடாதீர்கள் என்கிறேன்.

களத்துமேடு தோழர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

சீவாளி:

நாகஸ்வரம் கற்றுக்கொண்டவன் என்கிற முறையில் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கருவி. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். பழைய வீட்டு உத்தரத்தில் பல காலம் கிடந்து காய்ந்த மரமாகத் தேடி வாங்குவார்கள், பச்சை மரம் வெடித்துவிடும். துளை சரியாக விழுகிறதா என்று கடைகிறவரும் வாசிக்கிறவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். டி.என். ராஜரத்தினம் பிள்ளையும் ரங்கநாத ஆசாரியும் அப்படி உட்கார்ந்து உண்டாக்கியதுதான் இன்று எல்லாரும் வாசிக்கிற பாரி நாகஸ்வரம். அதற்கு முன்னால் இருந்த திமிரி குட்டையானது, சுதி உச்சத்தில் இருக்கும்.

ராஜரத்தினம் பிள்ளை இசை வேளாளர். அவருக்கும் ஒரு நூறு வருஷத்துக்கு முன்னால் சரபோஜி சபையில் இருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு நால்வரும் இசை வேளாளர்கள். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிகிற பரதநாட்டியக் கச்சேரி முறையை அமைத்தவர்கள். தமிழர்கள், மராட்டிய ராஜாவிடம் சம்பளம், தெலுங்கிலும் தமிழிலும் உருப்படிகள். வடிவேலு வெள்ளைக்காரரின் பிடிலை எடுத்து நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், திருவாங்கூர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்த பிடில் தந்தத்தாலானது.

இவர்களுக்கெல்லாம் முன்னால் நாயக்கர் காலத்தில் கோவிந்த தீட்சிதர், கன்னடக்காரர், மூன்று நாயக்கர்களுக்கு மந்திரி. ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் விரல் வைத்து வாசிக்கிற 24 மெட்டுக் கட்டைகள் பதித்த தஞ்சாவூர் வீணை அமைந்தது என்பார்கள். தீட்சிதர் மகன் வேங்கடமகி 72 மேளத்துக்கு, அதாவது தாய் ராகங்களின் வரிசைக்கு, வழி வகுத்துக் கொடுத்தவர்.

அப்புறம் ஷேக் சின்ன மௌலானா. ஆந்திராவில் பரம்பரையாக நாகஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பம். தஞ்சாவூர்ப் பாணி வேண்டும் என்று நாச்சியார்கோவிலுக்கு வந்து, ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் கற்றார். பிறகு ஸ்ரீரங்கத்திலேயே வீடு. ரங்கநாதர் கோயிலில் வாசித்தார். அவர் வாசித்த தோடியைக் கேட்டவர்கள் இந்த இழையில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பெருவுடையான் தம்பி, தமிழ் பின்னுக்குப் போனது உண்மை. ஆனால் சபையில் தெலுங்கு ஒலித்த அதே நாட்களில் கோயில் புறப்பாட்டில் நாகஸ்வரம் வாசித்தவன் தமிழன், ஓதுவார் பாடியது தேவாரம். ஊர் என்பது சபை மட்டும் இல்லை.

மேலட்டூரான்:

நாயக்கர் காலத் தெலுங்கு என்றதும் எங்கள் ஊரைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. அச்சுதப்ப நாயக்கர் தெலுங்குப் பிராமணக் குடும்பங்களுக்கு வீடும் நிலமும் கொடுத்துக் குடியமர்த்திய ஊர் மேலட்டூர். 510 குடும்பங்கள் என்பது ஊரில் சொல்கிற கணக்கு. சாலியமங்கலம், ஊத்துக்காடு, சூலமங்கலம், தேப்பெருமாநல்லூர், நல்லூர் எல்லாவற்றிலும் பாகவத மேளா என்கிற தெலுங்கு நாட்டிய நாடகம் இருந்தது. இன்று வருஷா வருஷம் விடாமல் நடக்கிற இடங்கள் குறைவு.

நரசிம்ம ஜயந்தி அன்று வரதராஜப் பெருமாள் சன்னதிக்கு எதிரே ராத்திரி ஆரம்பித்தால் விடிய விடிய நடக்கும். பெண் வேஷமும் ஆண்களே கட்டுவோம். பிரகலாதன் நாடகம், எழுதியவர் எங்கள் ஊர் வேங்கடராம சாஸ்திரி. நரசிம்மர் முகமூடி சாதாரணச் சாமான் இல்லை, அது பூஜையில் இருப்பது. அதைப் போடுகிறவர் அன்றைக்கு முழுக்க உபவாசம். தூணிலிருந்து வெளியே வரும்போது அவருக்கு ஆவேசம் வந்துவிடும், இரண்டு பக்கமும் ஆட்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். பாட்டு தெலுங்கு. கீழே உட்கார்ந்திருக்கிற ஊர்க்காரர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தமிழ்தான். கதை யாருக்குத் தெரியாது? அந்த நேரத்தில் கூட்டம் மொத்தமும் எழுந்து நிற்கும்.

நாகூர்_அலை:

எங்கள் தர்கா பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன், நானே எழுதிவிடுகிறேன். நாகூர் ஆண்டவர் ஷாஹுல் ஹமீது வலி 16ஆம் நூற்றாண்டில் வந்தார். அச்சுதப்ப நாயக்கரின் நோயைத் தீர்த்தார், அவர் இடம் கொடுத்தார் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்கிற வரலாறு. ஐந்து மனாராக்களில் பெரியது 131 அடி, அதைக் கட்டிக் கொடுத்தவர் மராட்டிய மன்னர் பிரதாப சிங். கடலில் போகிறவனுக்கு அதுதான் கரை. பிரதாப சிங் சபையில்தான் முத்துப்பழனி என்கிற பெண் தெலுங்கில் காவியம் பாடினாள் என்றும் படித்திருக்கிறேன். எத்தனை பேர் ஒரே காலத்தில்!

தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரி வந்தால் நாகப்பட்டினத்திலிருந்து கொடி ஊர்வலம் வரும், கப்பல் மாதிரி ஜோடித்த ரதங்களில். சந்தனக் கூடும் அங்கிருந்துதான் வருகிறது. மொட்டை போட்டுக்கொள்கிறவர்களில், நேர்ச்சை செலுத்துகிறவர்களில் பெரும் பகுதி இந்துக்கள். தஞ்சாவூர் பக்கம் காசவளநாடு புதூரில் முஹர்ரத்தை இந்துக்களே அல்லாசாமி பண்டிகை என்று விரதம் இருந்து கொண்டாடுகிறார்கள்.

எங்கள் ஆட்கள் கப்பல் ஏறிப் போன இடத்துக்கெல்லாம் நாகூரைக் கொண்டுபோனார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்கா உண்டு, சிங்கப்பூரில் உள்ளது 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது. பெருவுடையான் கேட்ட தமிழுக்கும் பதில் வைத்திருக்கிறேன். நாகூர் குலாம் காதிறு நாவலர் 19ஆம் நூற்றாண்டின் பெரும் தமிழ்ப் புலவர்களில் ஒருவர். அவர் எந்த ராஜா சபையிலும் இல்லை.

பொறையாறு:

சுருக்கமாக. 1620ல் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடியைக் கொடுத்தார். தங்கத் தகட்டில் அவர் டென்மார்க் அரசருக்கு எழுதிய கடிதம் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1706ல் சீகன்பால்கு வந்தார், ஜெர்மானியப் பாதிரியார். தரங்கம்பாடியில் அச்சகம் வைத்து 1715ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சிட்டார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்த அச்செழுத்து பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றது, அதனால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். காகிதம் போதவில்லை என்று எங்கள் பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள். 1845ல் டேனிஷ்காரர்கள் இங்கிலீஷ்காரர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

சீகன்பால்கு நம் சாமிகளைப் பற்றி எழுதிய நூலை ஹாலேயில் இருந்த பெரியவர்கள் அச்சுக்கு விடவில்லை. 1867ல்தான் வெளிவந்தது. தன் மேலிடத்தை விட நம் ஊரை அவர் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார் என்று நான் நினைப்பதுண்டு. காரைக்காலும் பிரெஞ்சுக்காரரும் தனி இழைக்கு உரிய விஷயம்.

வெண்ணாற்றங்கரை:

எல்லாருக்கும் நன்றி. பெருவுடையான் தம்பிக்கு நான் கடன்பட்ட பதில்:

தமிழ் சபையில் பின்னுக்குப் போனதை எழுதுவேன், சீர்காழி மூவர் பேரோடு. ஆனால் அதைத் திருப்பிக் கேட்டவர்களில் முதல் வரிசையில் நின்றவர் யார்? ஆபிரகாம் பண்டிதர். தென்காசிப் பக்கத்தில் சாம்பவர்வடகரையில் பிறந்த கிறிஸ்தவர், சித்த வைத்தியர், தஞ்சாவூரில் வந்து குடியேறினார். 1912 முதல் தஞ்சாவூரில் இசை மாநாடுகளைத் தன் சொந்தப் பணத்தில் கூட்டினார். நாடெங்கும் இருந்து வித்வான்கள் வந்தார்கள். 1917ல் கருணாமிர்த சாகரம் என்று பெரும் நூல் வெளியிட்டு, இந்த இசைக்கு வேர் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அவருக்கும் முன்னால் சரபோஜி காலத்திலேயே வேதநாயக சாஸ்திரியார், அவரும் திருநெல்வேலியிலிருந்து வந்தவர், ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் படித்தவர், தஞ்சாவூரில் உட்கார்ந்து தமிழில் குறவஞ்சி பாடியிருக்கிறார்.

எனக்குத் தெரிந்து இந்த ஊரில் தமிழுக்கும் கலைக்கும் உழைப்புக்கும் யார் நின்றார்கள் என்று பார்த்தால், அவர்கள் எங்கே பிறந்தார்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. சீனிவாச ராவ், நாகரத்தினம்மாள், பண்டிதர், சின்ன மௌலானா என்று நான்கு பேரையும் வெளியார் என்று எடுத்துவிட்டால் என் கண்காட்சியில் ஓட்டை விழும். கூட்டத்தில் அதைத்தான் சொல்லப்போகிறேன். களத்துமேடு தம்பி கேட்ட "நாற்று நட்டது யார்" என்பது முதல் பலகை, ராஜராஜன் அதற்குப் பக்கத்தில்.

பெருவுடையான்:

முதல் பலகை ராஜராஜனுக்குத்தான் என்பேன், அதில் நான் இறங்கி வரப்போவதில்லை. ஆனால் தளிச்சேரிப் பெண்களின் பேர்களை முழுதாகப் போடுங்கள். 400 பேரையும். இடம் போதவில்லை என்றால் துணியில் அச்சடிக்க நான் செலவு செய்கிறேன்.

தெற்குவீதி அக்காவுக்கு ஒரு கேள்வி. மோடி ஆவணங்கள் என்று சொல்கிறார்களே, அரண்மனைக் கணக்குகள், அவற்றை என்னைப் போன்ற தமிழ் மட்டும் தெரிந்தவன் படிக்க முடியுமா? தமிழ்ப் புலவனுக்கு என்ன கொடுத்தார்கள் என்று நானே பார்க்க வேண்டும்.

தெற்குவீதி:

படிக்கலாம், தம்பி. மோடி என்பது மராத்தியை வேகமாக எழுதுகிற கூட்டெழுத்து, எங்கள் வீட்டிலேயே இன்று யாருக்கும் வராது. ஆனால் தமிழ்ப் பல்கலைக்கழகம் அந்த ஆவணங்களில் ஒரு பகுதியைத் தமிழாக்கிக் குறிப்புரையோடு மூன்று தொகுதிகளாக 1989ல் வெளியிட்டது. திருவிழாச் செலவு, சம்பளம், சத்திரக் கணக்கு எல்லாம் தேதியோடு வரும். மூலக் கட்டுகள் சரஸ்வதி மகால் நூலகத்திலும் இருக்கின்றன. தொகுதிகளைப் பல்கலைக்கழக நூலகத்தில் கேளுங்கள், சனிக்கிழமை நானும் அந்தப் பக்கம் வருகிறேன். புலவர் பேர் எங்கே வந்தாலும் குறித்து வைத்து இங்கேயே போடுவோம்.